மின்னும் கிட்டார்: ஃப்ளேக் வீட்டில் அடிக்கலாம், ஹார்டனர் கலந்த கிளியர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம் இளைஞர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரைச் சொந்தமாகவே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். பலகை வாங்கி உடலை அறுத்துக்கொள்கிறவர்களும் உண்டு; அறுத்துத் துளையிட்ட உடலைத் தருவித்துச் சாயம் மட்டும் பூசுகிறவர்களும் உண்டு. மேடை விளக்கு பட்டதும் பொரிபொரியாக மின்ன வேண்டும் என்ற ஆசையில் மெட்டல் ஃப்ளேக் என்னும் மின்னும் துகளைச் சாயத்தோடு அடிக்கிறார்கள். அதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. துகளை அள்ளி அடித்துவிட்டு அதற்கு மேல் போதிய கிளியர் (நிறமில்லாத தெளிந்த மேல்பூச்சு) பூசாமல் விடுவதால், வாசிக்கிறவர் முழங்கையைச் சுரண்டும் அளவுக்கு மேற்பரப்பு சுரசுரக்கிறது. இது திருத்தக்கூடியது. மற்றது அப்படிப்பட்டதல்ல: அந்தக் கிளியரில், அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் திரவத்தைக் கலந்து, அடுக்குமாடி வீட்டுப் பால்கனியிலும் கார் நிறுத்தும் முன்வாசலிலும், மருந்துக்கடை முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அடிக்கிறார்கள்.

ஃப்ளேக் அடிக்கும் வேலையைக் கவனத்தோடு வீட்டின் வெளியே திறந்த இடத்தில் நாமே செய்யலாம். ஹார்டனர் கலந்த கிளியரை ஸ்ப்ரே பூத் (சாயம் அடிப்பதற்கென்றே காற்றோட்டத்தோடு அமைத்த தனி அறை) உள்ள கார் பட்டறையில்தான் அடிக்க வேண்டும். இதைப் பெற்றோரும் பிள்ளைகளும் தமிழில் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறோம். நீளமான கடிதம்தான். ஆனால் பாதி விவரத்தோடு சாயம் அடிக்கப் போகிறவர் கிட்டாரையும் கெடுத்துக்கொள்வார், நுரையீரலையும் கெடுத்துக்கொள்வார்.

முதலில் பொருள். சாயக் கடையில் ‘மெட்டாலிக்’ என்று மட்டும் கேட்டால் மூன்று வேறு பொருள்களில் ஏதோ ஒன்று கைக்கு வரும். கார்களுக்கு அடிக்கும் வெள்ளி நிறச் சாயத்தில் இருப்பது மிக நுண்ணிய அலுமினியத் தூள். பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரோன் வரை (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பேர்ல் என்பது மேல்பூச்சு ஏறிய மைக்கா. ஃப்ளேக் இவை இரண்டும் அல்ல. பாலியெஸ்டர் படலத்தின் மேல் வெற்றிடத்தில் அலுமினியம் படியவைத்து, அதன் மேல் நிறம் கலந்த காப்புப்பூச்சு கொடுத்து, அறுகோணமாக நறுக்கியவை. 100 மைக்ரோன், 200 மைக்ரோன், 375 மைக்ரோன் அளவுகளில் கிடைக்கும். பொட்டலத்தில் அங்குலக் கணக்கில் 0.004, 0.008, 0.015 என்று போட்டிருப்பார்கள். முதல் கிட்டாருக்கு 100 மைக்ரோனே போதும். 200 மைக்ரோன் கண்ணுக்கு இன்னும் அழகுதான், ஆனால் அதைப் புதைக்க வேண்டிய கிளியர் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும்.

காப்புப்பூச்சு ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய கிட்டார்களே சாட்சி. 1952இல் வெளிவந்த கிப்சன் லெஸ் பால் கிட்டாரின் தங்க நிற முகப்பு, வெண்கலத் தூளை லேக்கரில் (கரைப்பான் ஆவியானதும் காயும் பூச்சு) கலந்து அடித்தது. மேலிருந்த தெளிந்த லேக்கர் தேய்ந்து, கை வியர்வை தூளைத் தொட்ட இடங்களில் பச்சை ஏறிவிட்டது. இன்றைய ஃப்ளேக்கில் அலுமினியம் இரண்டு பக்கமும் மூடியிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை; துகளை நாமே தேய்த்து மூடியைக் கிழிக்காதவரை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய படங்களில் பார்த்து ஆசைப்படும் மின்னும் கிட்டார்கள் எல்லாமே ஸ்ப்ரே வேலை அல்ல. 1950களில் கிரெட்ச் நிறுவனம் தன் டிரம்களுக்குச் சுற்றும் மின்னும் பிளாஸ்டிக் தாளையே கிட்டார் முகப்பில் ஒட்டியது. தட்டையான முகப்புக்கு அந்த வழி இன்றும் உண்டு. ஸ்ப்ரே கன்னே தேவையில்லை.

தீபாவளிக்குக் கோலப்பொடியோடு லிட்டில் இந்தியாவில் விற்கும் ஜிகினாத் தூளை வாங்கி அடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது காகிதத்துக்கும் கோலத்துக்கும் செய்தது. அதன் நிறம் தின்னர் பட்டால் கரைந்து ஓடும். சிவப்பு ஜிகினா, துகளைத் தாங்கும் பைண்டர் திரவத்தை ரோஜா நிறமாக்கிவிட்டுத் தான் வெளுத்துப்போகும். எந்தத் துகளை வாங்கினாலும் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, அடிக்கப்போகும் அதே தின்னரை ஊற்றி, மூடி ஒரு நாள் முழுக்க வைத்துப் பாருங்கள். தின்னர் நிறம் மாறாமல், துகள் சுருளாமல் இருந்தால் மட்டும் கிட்டாருக்கு எடுங்கள்.

இனி மரம். ஃப்ளேக் மரத்தின் கோடுகளை மறைத்துவிடும் என்பதால் எந்த மரமும் சரி என்று நினைக்கிறார்கள். மரத்தின் கோடு மறையும், மரத்தின் அசைவு மறையாது. நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டிய அதே ரப்பர் மரம் இன்று சூளையில் உலர்த்தி, பட்டை பட்டையாக ஒட்டிய பலகையாகக் கிடைக்கிறது. கிட்டார் உடலுக்கு நல்ல மரம். ஆனால் அந்தப் பலகை மழைக்காலத்தில் முன்வாசலில் கிடந்து ஈரம் ஏறியிருந்தால், சாயம் பூசிக் குளிர்சாதன அறைக்குக் கொண்டுபோன சில வாரங்களில் மரம் சுருங்கி, ஒட்டிய இடங்கள் கண்ணாடிபோன்ற கிளியரில் கோடுகோடாகத் தெரியும். அறுத்த உடலை, கிட்டார் பின்னாளில் இருக்கப்போகும் அறையிலேயே சில வாரம் வைத்துப் பிறகு சாயத்துக்கு எடுங்கள். மெராந்தி, ஞாத்தோ என்றால் துளைகள் பெரியவை. மரத்துளையை அடைக்கும் கிரெய்ன் ஃபில்லர் பசையை இரண்டு முறை தேய்த்து நிரப்ப வேண்டும். ஜெலுத்தோங் இலகுவானது, துளை குறைவு, ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும்.

விளிம்புகளை 3 மில்லிமீட்டராவது உருட்டிவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறோம். கூரான விளிம்பில் ஈரமான கிளியர் நிற்காது. மேற்பரப்பு இழுவிசையால் இருபுறமும் விலகிப் படலம் மெலிந்துவிடும். மெல்லிய அந்த இடத்தில்தான் ஃப்ளேக் நீட்டிக்கொண்டு நிற்கும், தேய்க்கும்போது முதலில் கிழியும். ஃப்ளேக் வேலை கெடுவது பெரும்பாலும் விளிம்பில்தான்.

180, 240, 320 என்று சேண்ட்பேப்பர் தேய்த்த பிறகு டூ-கே (ஹார்டனர் கலந்து காயும் இரண்டு பாக வகை) பிரைமர் என்னும் அடிப்பூச்சு இரண்டு மூன்று முறை. அதிலும் ஹார்டனர் இருப்பதால் பட்டறையிலேயே அடித்து வாங்குங்கள். தளவாடக் கடையில் மலிவாகக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ் சீலரை அடியில் அடித்துவிட்டு மேலே டூ-கே போடாதீர்கள். டூ-கேயின் கரைப்பான் அடிப்பூச்சைக் கிளப்பிச் சுருக்கம் விழ வைக்கும். பிரைமரை 400, 600 என்று தேய்த்து, கண்ணுக்குத் தெரியும் பள்ளம் எல்லாவற்றையும் இந்தக் கட்டத்திலேயே நிரப்பிவிடுங்கள். ஃப்ளேக் விழுந்த பிறகு கீழே எதையும் திருத்த முடியாது.

நெக் பொருந்தும் குழியை மாஸ்கிங் டேப்பால் முழுதும் மூட வேண்டும். ஃப்ளேக் வேலையின் மொத்தத் தடிமன் கால் மில்லிமீட்டரைத் தாண்டும், சில வேளை அரை மில்லிமீட்டரையும் நெருங்கும். குழியின் இருபுறமும் அது ஏறினால் நெக் உள்ளே போகாது. அடித்துத் திணித்தால் குழியின் மூலையில் சாயம் வெடிக்கும். அந்தக் குழியில் ஒரு மரச் சட்டத்தைத் திருகி வையுங்கள். உடலைத் தொடாமல் பிடித்துத் திருப்ப அதுவே கைப்பிடி. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் கருவி) குழி, பொத்தான் துளை, பாலத் துளை எல்லாவற்றிலும் பஞ்சு அடையுங்கள்.

ஃப்ளேக்குக்குக் கீழே அதே நிறத்தில் மெல்லிய அடிநிறம் ஒன்று வேண்டும்: வெள்ளி ஃப்ளேக்குக்கு வெள்ளி, நீலத்துக்கு நீலம். இதைத் தவிர்த்தால் பிரைமரின் சாம்பல் நிறத்தை மூடுவதற்காகவே ஃப்ளேக்கை இன்னும் இரண்டு மூன்று பூச்சு கூட்ட வேண்டிவரும். ஒவ்வொரு கூடுதல் பூச்சும் கிளியரைக் கூட்டும்.

ஸ்ப்ரே கன் விஷயத்தில் கஞ்சத்தனம் உதவாது. சாதாரண 1.3 மில்லிமீட்டர் நாசிலில் ஃப்ளேக் அடைத்துக்கொண்டு, திடீரென்று கட்டியாகத் துப்பும். 100 மைக்ரோனுக்கு 1.5 முதல் 1.7, 200 மைக்ரோனுக்கு 2.0, அதற்கு மேல் 2.5 மில்லிமீட்டர். கோப்பைக்கும் கன்னுக்கும் இடையிலுள்ள வலையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் துகள் முழுதும் அங்கேயே தங்கும். இந்தக் கன்னை ஃப்ளேக்குக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். எவ்வளவு கழுவினாலும் நாலு துகள் உள்ளே இருக்கும். அடுத்து அடிக்கும் வெள்ளைச் சாயத்தில் அவை வந்து விழும். பட்டறைக்காரர்கள் ஃப்ளேக் வேலை என்றாலே தயங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான், அந்தத் தயக்கம் நியாயமானது.

துகளைத் தாங்கும் திரவம் பேஸ்கோட் பைண்டர். இன்டர்கோட் கிளியர் என்றும் சொல்வார்கள். ஹார்டனர் தேவையில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் உடலின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் சேர்த்து கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். தின்னர் கலந்து அடிக்கத் தயாரான 400 மில்லிலிட்டர் பைண்டரில் 25 கிராம் ஃப்ளேக் போட்டால் நாலைந்து பூச்சுக்கு வரும். சீக்கிரம் மூட வேண்டும் என்று 50 கிராம் போடுகிறவர்கள் உண்டு. அப்போது துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து செங்குத்தாக நிற்கும். தட்டையாகப் படுக்கும் துகள்தான் விளக்கொளியை நேராகத் திருப்பி அனுப்பும், நிற்கும் துகள் இருட்டாகத்தான் தெரியும். தின்னரை அளவுக்கு மீறி ஊற்றுவதும் கெடுதல். நீர்த்த பைண்டர் ஓடும்போது துகளையும் இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த விளிம்பில் குவிக்கும். பாலியெஸ்டர் பைண்டரைவிடக் கனமானது, கோப்பையின் அடியில் உடனே படியத் தொடங்கும். இரண்டு மூன்று சிறிய எஃகுக் குண்டுகளைக் கோப்பையில் போட்டு, ஒவ்வொரு முறை விசையை அழுத்துவதற்கு முன்பும் கன்னை ஆட்டுங்கள். குண்டு அடித்துளையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

உடலைக் கயிற்றில் தொங்கவிட்டு அடிக்காமல் படுக்கையாக வைத்து அடியுங்கள். கன்னுக்குள் நுழையும் காற்று, விசையை அழுத்தியிருக்கும்போதே 25 முதல் 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்க வேண்டும். விட்டபின் மானியில் பார்க்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. சிறிய கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் அடித்ததும் தொட்டி நிறையும்வரை காத்திருக்கட்டும். 20 சென்டிமீட்டர் தூரம், முந்தைய வரியின் மேல் முக்கால் பங்கு ஏறும்படி அடுத்த வரி. முதல் பூச்சு குறுக்கே, இரண்டாவது நெடுக்கே, மூன்றாவது மூலைக்கு மூலை. முதல் பூச்சில் திட்டுத்திட்டாகத் தெரிவதைப் பார்த்துப் பயந்து அங்கேயே நின்று அடித்தால் அந்தத் திட்டு கடைசிவரை போகாது. பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே 10 முதல் 15 நிமிடம். கடைசிப் பூச்சைமட்டும் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, கை சற்று வேகமாக ஓட, மெல்லிய தூறலாக விழச் செய்யுங்கள், இடைவெளிகள் சமமாகும். பிறகு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் நிறைவாகத் தெரியும் இடத்திலும், சாய்வாகப் பார்க்கும்போது ஓட்டை தெரியலாம்.

காய்ந்ததும் சுத்தமான கையுறையால் மெதுவாகத் தடவி, ஒட்டாத துகளைக் காற்றால் ஊதிவிடுங்கள். சேண்ட்பேப்பர் இந்தக் கட்டத்தில் கிட்டாருக்கு அருகிலேயே வரக்கூடாது. மொசைக் தரையில் கல்லைப் பதித்துக் கல்லோடு சேர்த்துத் தேய்த்து மட்டமாக்குவார்கள். ஃப்ளேக்கில் அதைச் செய்தால் துகளின் நிறப்பூச்சு போய், நீலக் கிட்டாரில் வெள்ளிப் புள்ளிகள் தெறித்திருக்கும். தேய்க்க வேண்டியது மேலே படியும் கிளியரை மட்டுமே. பைண்டிங் (உடலின் விளிம்பில் பதித்த அலங்காரப் பட்டை) ஓரத்துக்கு டேப் ஒட்டியிருந்தால், கிளியருக்கு முன் இப்போதே உரியுங்கள். விளிம்பை முதலில் கூரிய பிளேடால் லேசாகக் கீறிக்கொண்டால் ஃப்ளேக் பிய்ந்து வராது.

நம் ஊர்ப் பருவநிலையைப் பற்றி. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்கிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 26 பாகை. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நாலு பாகை இறங்கினாலே காற்றிலுள்ள நீர் சாயத்தின் மேல் படியும். லேக்கர் வெளுப்பதும் பைண்டர் மங்குவதும் இதனால்தான். நடுப்பகலில் 32 பாகையும் 60 விழுக்காடும் இருந்தால் பனிநிலை 23 பாகைக்கு இறங்கிவிடும். இடைவெளி ஒன்பது பாகை. ஆகவே காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கி, மாலை மழை கூடும் முன் முடியுங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களே வறண்டவை. அவசரமில்லாத வேலையை அதற்கு ஒதுக்கலாம். தின்னரைக் கேட்கும்போது மெதுவாக உலரும் வகையைக் கேளுங்கள். வேகத் தின்னர் வெயிலில் துகள் கிட்டாரைத் தொடும் முன்பே காய்ந்து பொடியாக்கிவிடும். கம்ப்ரசர் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டே ஆரம்பியுங்கள், கன்னுக்கு முன்னால் நீர்ப்பிரிப்பான் ஒன்றும் இருக்கட்டும். மழை விட்ட அந்தியில் விளக்கைப் போட்டு அடித்தால் ஈசல் முழுதும் கிட்டாரில்தான் விழும்.

ஹார்டனர் இல்லாத பைண்டரும் விளையாட்டுப் பொருள் அல்ல. கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போய்த் தீயைத் தேடிப் பிடிக்கும். சமையல் எரிவாயு அடுப்பு, சாமி அறை விளக்கு, சாம்பிராணித் தணல், சாதாரண மேசை விசிறியின் மோட்டார் எல்லாமே ஆபத்து. நாலு பக்கமும் திறந்த இடத்தில், ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (கரைப்பான் ஆவியை வடிகட்டும் உறை) பொருத்திய முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் அணிந்தே ஃப்ளேக்கை அடிக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் இதையும் செய்யாதீர்கள்.

அடுத்தது கிளியர். தட்டையாகப் படுத்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய 200 மைக்ரோன் ஃப்ளேக் அடுக்கு 100 முதல் 150 மைக்ரோன் வரை மேடுபள்ளமாக இருக்கும். டூ-கே கிளியர் ஒரு பூச்சு காய்ந்தால் 25 முதல் 30 மைக்ரோன். தேய்ப்பதில் ஒரு பங்கு போய்விடும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஏழெட்டுப் பூச்சு இல்லாமல் முடியாது. 100 மைக்ரோன் ஃப்ளேக் என்றால் ஐந்தாறு. நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரில் ஒரு பூச்சு இதில் பாதிகூட ஏறாது. இருபது பூச்சுக்கு மேல் அடித்தாலும் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருந்து, துகளின் மேடு மீண்டும் மேலே தெரியும். பழைய கிட்டார் போல நைட்ரோவில்தான் வேண்டும் என்பவர்கள் ஃப்ளேக்கை விட்டுவிட்டு நுண்ணிய அலுமினியத் தூள் மெட்டாலிக்குப் போவதே நல்லது.

அத்தனை பூச்சையும் ஒரே நாளில் ஏற்றக்கூடாது. இரண்டு மூன்று பூச்சு, நடுவில் 10 முதல் 15 நிமிடம், பிறகு குறைந்தது ஒரு நாள். அடைமழை என்றால் இரண்டு நாள். 600இல் கட்டை வைத்துத் தேய்த்து, பள்ளங்கள் பளபளப்பான புள்ளிகளாக எஞ்சியிருக்கும்போதே நிறுத்துங்கள். அந்தப் புள்ளிகளையும் ஒழிக்க நினைத்தால் மேட்டிலுள்ள துகள் கிழியும். மீண்டும் இரண்டு மூன்று பூச்சு, 800இல் தேய்ப்பு, தேவையானால் இன்னொரு சுற்று. அவசரப்பட்டு அடுக்கினால் அடியில் சிக்கிய கரைப்பான் மேலே வெடித்து ஊசித்துளை விழும். ஹார்டனரை அதிகம் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது தவறான நம்பிக்கை. தகரத்தில் 2:1 என்றோ 4:1 என்றோ போட்டிருப்பது வேதியியல் கணக்கு.

அந்த ஹார்டனரில்தான் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது நுண்துளியாக மூச்சில் போகும், தோல் வழியாகவும் ஏறும். அதன் பாதிப்பு சாதாரணச் சாய நெடியின் தலைவலியோடு முடிவதல்ல. உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். கார் சாயத் தொழிலாளர்களிடம் வேலை தொடர்பான ஆஸ்துமாவுக்கு அறியப்பட்ட காரணங்களில் இது முக்கியமானது. ஆபத்தான அளவில் இருக்கும்போதும் மூக்குக்கு வாடை தெரியாது. எனவே கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதை மூக்கால் அறிய வழியில்லை. அதனால்தான் வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று தரும் முகமூடியை இந்த வேலைக்குச் சொல்கிறார்கள். அடியில் ஊசியை அழுத்திக் கலக்கும் டூ-கே தகர ஸ்ப்ரேயும் இதே பொருள்தான். கையடக்கமாக இருப்பதால் பாதுகாப்பானது என்று எண்ணிவிட வேண்டாம்.

பட்டறைகளுக்கு 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதை ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரித்திருக்கிறது. அபாய இரசாயனங்களுக்கென்று 2000ஆம் ஆண்டின் விதிமுறைகளும் உண்டு. வீட்டு முன்வாசலில் பொழுதுபோக்காக அடிக்கும் பதினேழு வயதுப் பிள்ளையையோ, மேல்மாடியில் துணி காயப்போடும் அண்டை வீட்டு அக்காவையோ, அவர் இடுப்பிலிருக்கும் குழந்தையையோ பார்த்துக்கொள்ள அங்கே எந்த மேற்பார்வையும் இல்லை.

பட்டறையோடு எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஃப்ளேக்கை நீங்களே அடித்துக் கொண்டுபோகிறீர்கள், அவர்கள் கன்னில் கிளியர் மட்டுமே போகும் என்றால் தயக்கம் பெரிதும் குறையும். ஒரு காருக்குக் கிளியர் கலக்கும் நாளில் உங்கள் கிட்டாரையும் பூத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பூச்சுக்கு 80 முதல் 100 மில்லிலிட்டர்தான் செலவாகும். பட்டறைக்குக் கொண்டுபோகும் நாளை முதலிலேயே பேசி உறுதி செய்த பிறகுதான் ஃப்ளேக் அடிக்க வேண்டும். ஏனென்றால் பைண்டரின் மேல் கிளியர் ஏற வேண்டிய கால எல்லை ஒன்று உண்டு. பல தயாரிப்புகளில் ஒரு நாளுக்குள், தகரத்தில் எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் கிளியர் பிடிக்க மேற்பரப்பைத் தேய்க்க வேண்டும், ஃப்ளேக்கைத் தேய்க்க முடியாது. போகும் வழியில் வெறுங்கையால் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெய் பட்ட விரலும், கார் டேஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிகோனும் கிளியரில் மீன்கண் போன்ற குழிகளைப் பறிக்கும்.

இன்னொன்றை வாயால் சொல்வதோடு நில்லாமல், தாளில் பெரிய எழுத்தில் எழுதி மரச் சட்டத்தில் ஒட்டுங்கள்: சூடேற்றக்கூடாது. கார்களுக்குக் கிளியர் அடித்ததும் பூத்தை 60 பாகைக்கு ஏற்றுவது வழக்கம். இரும்புக்கு அது சரி. மரத்தில், துளைகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து கொப்புளம் கிளப்பும், வெள்ளைப் பசை இளகி ஒட்டிய இடம் விலகும்.

கடைசிக் கிளியருக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டு 1000, 1500, 2000 என்று நீரில் தேய்த்துப் பாலிஷ் போடலாம். அதற்கு முன் திருகுத் துளைகள் எல்லாவற்றின் உள்விளிம்பிலும் ஒரு துளி மெல்லிய சூப்பர் க்ளூ விடுங்கள். தண்ணீர் துளை வழியே மரத்துக்குள் போனால் துளையைச் சுற்றி மரம் உப்பிக் கிளியர் விரியும். விளிம்பில் பாலிஷ் இயந்திரத்தை நிறுத்தி வைக்காதீர்கள், சூட்டிலேயே படலம் பிய்ந்துவிடும். புதுத் துளை போட வேண்டிய இடத்தில் டிரில்லை முதலில் பின்பக்கமாகச் சுழலவிட்டுச் சாயத்தை மட்டும் சுரண்டிக்கொண்டு, பிறகு மரத்தில் இறக்குங்கள். இவ்வளவு தடித்த படலத்தில் நேராகத் துளையிட்டால் சுற்றிலும் சில்லு தெறிக்கும்.

ஃப்ளேக்கால் பிக்கப்பின் ஒலி கெடுமா என்று பலர் கேட்கிறார்கள். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது, துகளும் மூடப்பட்டது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கெடாது. அகௌஸ்டிக் கிட்டாரின் முகப்புக்கு மட்டும் இதை அடிக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைச் சுமக்கும் பலகை சரியாக அதிராது.

மிச்சத்தைக் கால்வாயில் ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். ஃப்ளேக் பிளாஸ்டிக்தான், மட்காது. மழை வந்தால் கால்வாயிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்கே கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. கன்னைக் கழுவிய தின்னரைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தால் ஃப்ளேக் அடியில் படியும்; மேல் தின்னரை அடுத்த முறை கழுவ எடுத்துக்கொள்ளலாம், அடியில் இருப்பதை வடிதுணியில் காயவைத்துத் தனியாகக் கட்டிவையுங்கள். சாயக் கழிவை உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு பட்டறைகளுக்கு உண்டு. கிட்டாரைக் கொண்டுபோகும்போது புட்டியையும் ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

கார் சாயப் பட்டறை நடத்தும் நம்மவர்கள் செபராங் பிறையிலும் செந்தூலிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃப்ளேக் அடித்த கிட்டாரோடு ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால், சின்ன வேலை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளை தகர ஸ்ப்ரேயை வாங்கிக்கொண்டு பால்கனிக்குத்தான் போகும். கூலியை வாங்கிக்கொண்டு, பூத் காலியாகும் நேரத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மரவேலையும் சாயவேலையும் செய்யும் வாசகர்கள்,
செபராங் பிறை, பினாங்கு.